தலைக்கு வந்தது பம்பரோடு போயிற்று!

காஞ்சிபுரத்துக்குக் காரில் போகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சுவாமி தரிசனத்துக்குப் போகிறவர்கள் ஒரு வகை. கலியாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் இரண்டாவது வகை. காலையில் காமாட்சி, மத்தியானம் காந்தி ரோடு, சாயங்காலம் வரதர், இரவுச் சாப்பாட்டுக்குச் சென்னை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்கிறவர்கள் மூன்றாவது வகை. பம்பரில் சொட்டை விழுந்து வீடு திரும்புகிறவர்களுக்கு இந்த மூன்றாவது வகையில்தான் பஞ்சமே இல்லை!

அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முகூர்த்த மாதங்களில் காந்தி ரோடு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, நடுவில் சாவகாசமாக ஒரு பசு. கடை வாசலில் காரைப் பின்பக்கமாக எடுக்கும்போது, அதுவரை கண்ணில் படாத கல்தூண் ஒன்று எங்கிருந்தோ முளைத்து நிற்கிறது. "டொக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அதுவரை மாம்பழக் கலரா, மயில் கழுத்துக் கலரா என்று நடந்த விவாதம் அடங்கிவிடும்.

பிறகு தொடங்குவது யோசனைகளின் ஊர்வலம். "நாலு சொட்டு பசை விட்டு அழுத்தினால் சரியாகிவிடும்" என்பார் மாமனார். "ஒட்டுப்போட்ட வண்டியில் சம்பந்தி வீட்டுக்குப் போவதாவது! புதிதாக மாற்றிவிட வேண்டியதுதான்" என்பார் மாமியார். "எதற்குக் கவலை? இன்ஷூரன்ஸ் இருக்கவே இருக்கிறது" என்பான் கல்லூரியில் படிக்கும் மைத்துனன். மூவர் சொல்வதும் சில சமயம் சரி. சில சமயம் பெருந்தவறு. எது எப்போது சரி என்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், நிம்மதியும் மிச்சம்.

அன்று இரும்பு, இன்று டப்பா

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். "அந்தக் காலத்து அம்பாஸிடர் எத்தனை இடி வாங்கும்! இந்தக் காலத்துக் கார் தொட்டால் உடைகிறதே?" என்று பெரியவர்கள் அங்கலாய்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை தயாரான அம்பாஸிடருக்குக் குரோமியம் பூசிய எஃகுப் பட்டைதான் பம்பர். கண்ணாடிபோலப் பளபளக்கும், முட்டினால் வளையும், பட்டறையில் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். ஆனால் அது வாங்கிய இடியில் பெரும்பகுதியை அப்படியே சட்டத்துக்கும், அதன்வழியே உள்ளே இருப்பவர்களுக்கும் அனுப்பிவைத்தது என்பதை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

1972ல் பிரான்சில் ரெனோ 5 என்ற சின்னக் கார் பிளாஸ்டிக் பம்பருடன் வெளிவந்தது. பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள்; பிறகு உலகமே அந்த வழிக்கு வந்துவிட்டது. இப்போது நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே கார் பிறக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை தொடங்கியது. இம்மாதிரி ஆலைகளிலிருந்து வரும் கார்களில் நாம் பம்பர் என்று கைவைத்துக் காட்டுவது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்.

இந்தப் பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். உங்கள் சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அதுவும் இதே ஜாதிதான். பம்பருக்கு மட்டும் சிறிது ரப்பரும், கற்பொடியும் சேர்த்து, எளிதில் நொறுங்காமல் வளைந்து கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள்.

தலைப்பாகையும் தலையும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வெளியே தெரிகிறதே வர்ணம் அடித்த பிளாஸ்டிக், அது உண்மையில் பம்பர் அல்ல; பம்பரின் உடுப்பு. அதைக் கழற்றினால் உள்ளே பல கார்களில் மெத்துமெத்தென்ற நுரைக் கட்டை ஒன்று இருக்கும். அதற்கும் பின்னால் குறுக்காக ஓர் எஃகுச் சட்டம். அந்தச் சட்டத்தைக் காரின் உடலோடு இணைக்கும் இடத்தில், அடிபட்டால் தாமே மடங்கிச் சுருங்கும் இரண்டு பெட்டிகள். முன்பக்கமானால் சற்றுப் பின்னால் ரேடியேட்டர். அதை ஒட்டி ஏர்பேக்குக்குச் செய்தி சொல்லும் உணரிகள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. வெளி பிளாஸ்டிக்தான் தலைப்பாகை. உள்ளே இருப்பது தலை. தலைப்பாகை கிழிந்தால் தைக்கலாம், புதிது வாங்கலாம், கிழிந்ததோடேயே நாலு மாதம் நடமாடலாம். தலையில் அடிபட்டிருந்தால் அப்படி விடமுடியுமா? ஆகவே, எந்தச் செலவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அடி தலைப்பாகையோடு நின்றதா, தலைக்கும் போயிற்றா?

இதில் ஒரு சூழ்ச்சியும் இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு வளைந்து மீளும் குணம் உண்டு. முட்டியபோது உள்ளே அமுங்கி, இரும்புச் சட்டத்தை வளைத்துவிட்டு, ஒன்றுமறியாத பிள்ளைபோல் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். வெளியே ஒரு கீறல்தான் தெரியும். ஆகையால் வேகமாகவே முட்டியிருந்தால், வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள்.

வேகம் என்பதற்கு ஓர் அளவு வேண்டுமல்லவா? அமெரிக்காவில் 1973ம் வருஷ மாடல்களிலிருந்து ஒரு சட்டம் வந்தது. மணிக்கு 5 மைல், அதாவது சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு தடுப்பில் முன்பக்கமாக முட்டினாலும், விளக்கு, எரிபொருள் அமைப்பு முதலியவை பழுதாகக் கூடாது என்றார்கள். 1982ல் அதைத் தளர்த்தி, பாதி வேகமான இரண்டரை மைலுக்குத் தாங்கினால் போதும் என்றார்கள். பம்பரின் பராக்கிரமம் இவ்வளவுதான்! நடக்கிற வேகத்துக்கு அது காவல். அதற்கு மேல், மோதலின் உக்கிரம் வேகத்தின் மடங்கில் அல்ல, வர்க்கத்தில் ஏறுகிறது. 5 கிலோமீட்டர் வேகத்தைவிட 10 கிலோமீட்டர் வேகத்தில் அடி நான்கு மடங்கு. 40 கிலோமீட்டரில் அறுபத்து நான்கு மடங்கு.

வீட்டில் என்ன செய்யலாம்?

வெறும் கீறலா? விரல் நகத்தைக் குறுக்காக மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் மேல்பூச்சில் மட்டுமே கீறல். சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, கார் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தாலே பெரும்பாலும் மறைந்துவிடும். எதிரே நின்ற தூணின் சுண்ணாம்போ, பக்கத்து வண்டியின் வர்ணமோ அப்பியிருந்தால் அதுவும் இப்படியே போகும். நகம் தடுக்கினால் வர்ணம் போயிருக்கிறது. கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானெட்டின் உட்புறத்திலோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் வர்ணத்தின் குறியீடு இருக்கும். அதைச் சொல்லி வாங்கிய டச்-அப் வர்ணத்தால் மெல்லிய தூரிகை கொண்டு நிரப்பலாம். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, எனவே அவசரம் ஒன்றுமில்லை.

சொட்டையா? விரிசல் இல்லாமல், கூர்மையான மடிப்பும் இல்லாமல் உள்ளே அமுங்கியிருந்தால், வெந்நீர் வைத்தியம் இருக்கிறது. கொதிக்கும் நீரைச் சொட்டையின் மேல் மெதுவாக ஊற்றிக்கொண்டே வந்தால் பிளாஸ்டிக் இளகும். கனத்த கையுறை அணிந்த ஒருவர் பின்பக்கத்திலிருந்து கைவிட்டுத் தள்ள, சொட்டை "டப்" என்று வெளியே வரும். உடனே குளிர்ந்த நீரை ஊற்றினால் அப்படியே நின்றுவிடும். இதற்கு இரண்டு பேர் தேவை. குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. விளக்கின் மீதும் சென்சார்களின் மீதும் வெந்நீர் படக் கூடாது. பின்பக்கம் கை நுழையாத இடமானால் விட்டுவிடுங்கள். பலவந்தம் செய்தால் சொட்டை விரிசலாகிவிடும்.

ஓரம் தொங்குகிறதா? உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் தெறித்திருக்கலாம். புதுக் கிளிப்புகள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கும். நடுவழியில் நடந்தால், கட்டும் பட்டையால் இறுகக் கட்டிக்கொண்டு மெதுவாகப் பட்டறை வரை போகலாம். அதற்காக வெள்ளை கேட்டைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி, அப்படியே சென்னை வரை விரட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். காற்று வேகத்தில் பிய்ந்து பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முன்னால் விழுந்தால் என்ன ஆவது?

பசை ஏன் ஒட்டுவதில்லை?

மாமனாரின் நாலு சொட்டுப் பசைக்கு வருவோம். சமையலறை டப்பாவில் ஒட்டிய சீட்டு இரண்டு நாளில் உரிந்து வந்துவிடுகிறதல்லவா? பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பு மெழுகு மாதிரி. சாதாரணப் பசையை அது பிடித்துக்கொள்வதில்லை. ஒட்டியதுபோல் இருந்து, முதல் மேட்டில் ஏறி இறங்கியதும் கைவிட்டுவிடும். போதாததற்கு, பிறகு முறையாகப் பழுதுபார்க்கிறவருக்கு அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலையாகிவிடும்.

விரிசலுக்கு ஏற்ற வழி பிளாஸ்டிக் வெல்டிங். பம்பரின் உட்புறத்தில் அது எந்த ஜாதிப் பிளாஸ்டிக் என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். பாலிபுரோப்பிலீன் என்றால் 'பி.பி.' என்று தொடங்கும். அதே ஜாதிப் பிளாஸ்டிக் குச்சியைச் சூட்டில் உருக்கி விரிசலில் இழைக்க வேண்டும். பின்பக்கத்தில் வளைந்த கம்பித் துண்டுகளைச் சூடேற்றிப் பதித்துப் பலப்படுத்துவதும் உண்டு. பட்டுப் புடவை கிழிந்தால் பட்டு இழை கொண்டு டார்னிங் செய்ய வேண்டுமேயன்றிப் பருத்தி நூலால் தைக்கலாமா? பிள்ளையார்பாளையத்து நெசவாளர் யாரைக் கேட்டாலும் சொல்வார். பம்பருக்கும் அதே நியாயம்தான்.

வெல்டிங் ஆனபின் தேய்த்து, வளைந்து கொடுக்கும் பட்டி பூசி, பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிரைமர் அடித்து, அதற்கு மேல் வர்ணம், அதற்கு மேல் கிளியர் கோட் என்று வரிசையாகச் செய்ய வேண்டும். பிரைமரை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் வர்ணம் செதில் செதிலாக உரியும். டிங்கரிங் பட்டறையில் "பிளாஸ்டிக் பிரைமர் அடிப்பீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கேட்பவர் விஷயம் தெரிந்தவர் என்று எதிராளிக்கு உடனே விளங்கிவிடும்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

மாமியார் சொல்வது சரியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. பம்பரைக் காரோடு மாட்டும் காதுகள் உடைந்திருந்தால், விரிசல் பல கிளைகளாக ஓடியிருந்தால், சென்சார் உட்காரும் துளை கிழிந்திருந்தால், அல்லது ஒரு துண்டே காணாமல் போயிருந்தால் புதிது போடுவதே உத்தமம். உள்ளே இருக்கும் எஃகுச் சட்டம் வளைந்திருந்தாலோ அதைப் பற்றி யோசனையே வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும். "சூடு காட்டித் தட்டி நிமிர்த்திவிடலாம், அம்மா" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அந்த எஃகின் பலம் அதைப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது; ஒரு முறை வளைத்துச் சூடேற்றினால் அந்தப் பலம் திரும்பி வராது.

சென்சார் விஷயத்தில் ஒரு தேதி நினைவில் இருக்கட்டும். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் பின்பக்கம் பார்க்கிங் சென்சார் இருக்க வேண்டும் என்பது சட்டம். தேதியை மறந்துவிடுவீர்கள் என்றால் ஒரு வழி சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்தி வரதர் தரிசனம் காஞ்சியில் தொடங்கியதும் அதே நாளில்தான்! அதற்குப் பிறகு தயாரான காரானால், புதுப் பம்பரில் சென்சார்களையும் வயர்களையும் சரியாக மாட்டினார்களா என்று பட்டறையிலேயே ரிவர்ஸ் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். சென்சாரின் முகத்தின் மேல் கனமாக வர்ணம் பூசிவிட்டாலும் அது சரியாக வேலை செய்யாது.

பட்டறையில் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவ்வளவுதான்: பம்பரைக் கழற்றி உட்புறத்தை எனக்குக் காட்டிவிட்டு எஸ்டிமேட் போடுங்கள். போடப் போவது கம்பெனி பார்ட்டா, வேறா? வர்ணமும் கிளிப்பும் சொன்ன விலையில் அடக்கமா? கழற்றிய பழைய பம்பர் எங்கே? புடவையின் ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு வாங்குகிற கைகள், இந்த நாலு கேள்விக்கா தயங்கப் போகின்றன?

இன்ஷூரன்ஸ்: கூட்டிக் கழித்துப் பாருங்கள்

மைத்துனனின் யோசனையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. பலருக்கும் பணம் நஷ்டமாவது இங்கேதான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். புதுப் பம்பர் 6,000 ரூபாய், கூலி 2,000, வர்ண வேலை 4,000, ஆக 12,000. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவிகிதம் தேய்மானம் கழிப்பது வழக்கம். அதில் 3,000 போயிற்று. வர்ண வேலையில் கால் பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள், அதில் 500. சின்னக் காரானால் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை 1,000. மீதம் கம்பெனி தருவது 7,500. "கிடைத்தவரை லாபம்" என்று தோன்றுகிறதல்லவா?

அவசரப்படாதீர்கள். க்ளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பரிசாக, 'நோ க்ளெய்ம் போனஸ்' என்று நம் காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. ஒரு வருஷத்துக்கு 20 சதவிகிதம், பிறகு 25, 35, 45, ஐந்து வருஷத்தில் 50. ஒரு க்ளெய்ம் வாங்கினால் ஏணியில் ஏறியதெல்லாம் போய், மறுபடி தரையிலிருந்து ஏற வேண்டும். பரமபதத்தில் பாம்பு கடித்த கதைதான்!

இப்போது உங்களுக்கு 35 சதவிகிதம் என்றும், தள்ளுபடிக்கு முந்தைய அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றும் கொள்வோம். க்ளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் 45, அதன் பிறகு 50, 50 என்று தள்ளுபடி கிடைத்திருக்கும். க்ளெய்ம் வாங்கினால் 0, 20, 25, 35, 45 என்று ஏற வேண்டும். வித்தியாசத்தைக் கூட்டுங்கள்: 4,500, 3,000, 2,500, 1,500, 500. ஆக மொத்தம் 12,000! கார் பழையதாக ஆகப் பிரீமியம் குறையும் என்பதால் உண்மையான நஷ்டம் சற்றுக் குறையலாம். ஆனாலும் 7,500 ரூபாயை வாங்க அதைவிட அதிகமாகக் கொடுக்கிறோம் என்பது தெளிவு.

இதற்காக இன்ஷூரன்ஸே வேண்டாம் என்று பொருளல்ல. உள்ளே சட்டம், ரேடியேட்டர், விளக்கு என்று அடி பலமாகப் பட்டுச் செலவு பெருகினால், கூசாமல் க்ளெய்ம் கேட்க வேண்டியதுதான். அதற்குத்தானே வருஷா வருஷம் கட்டுகிறோம்? 'ஜீரோ டெப்ரிஸியேஷன்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் தேய்மானக் கழிவு இராது. போனஸைக் காப்பாற்றும் பாதுகாப்பும் தனியே உண்டு. உங்கள் பாலிசியில் இவை இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள். க்ளெய்ம் கேட்பதென்று தீர்மானித்தால், முதலில் கம்பெனிக்குத் தகவல், பிறகுதான் பட்டறையில் வேலை. பழுதுபார்த்துவிட்டுப் பில்லை மட்டும் நீட்டினால் சிக்கல்தான்.

இரும்பு வேலி வேண்டாம்

ஒரு முறை அடிபட்டவர்களுக்குப் பட்டறையில் கிடைக்கும் இன்னொரு யோசனை: "முன்னாலும் பின்னாலும் கனமான இரும்புக் கம்பி ஒன்று மாட்டிவிடலாம். அப்புறம் இடிக்கிறவன் வண்டிதான் போகும்!" கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இப்படிப்பட்ட கம்பிகள் 1988ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. மடங்க வேண்டிய இடத்தில் மடங்காத இரும்பை வைத்தால் அடி நேரே காரின் சட்டத்துக்குப் போகிறது; ஏர்பேக் உரிய நேரத்தில் விரிவதும் தடைப்படலாம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவைக்குக் கூடும் ஜனத்திரளை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தினூடே நகரும் கார், தாயின் கையை உதறிவிட்டு ஓடிவரும் ஒரு குழந்தையின் காலில் பட்டுவிட்டால், படுவது வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்காக இருக்கட்டுமா, இரும்புக் கம்பியாக இருக்கட்டுமா? தொட்டால் உடைகிறதே என்று நாம் அலுத்துக்கொள்ளும் அந்த மென்மை, காரில் இருக்கிறவர்களுக்காக மட்டும் அல்ல; வெளியே நடந்து போகிறவர்களுக்காகவும்தான்.

ஆகவே அடுத்த முறை "டொக்" என்று சத்தம் கேட்டால் பதறாதீர்கள்; யார் மேலும் எரிந்து விழாதீர்கள். இறங்கி, யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இரண்டு மூன்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பாகையா, தலையா என்று பட்டறையில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் நிதானமாகக் கணக்குப் போடுங்கள். தலைப்பாகைதான் என்று தெரிந்துவிட்டால், பட்டுப் புடவையின் கரை எத்தனை அங்குலம் என்ற பழைய விவாதத்தைத் தாராளமாகத் தொடரலாம்!